வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் அவசரப்படாத டீச்சரும்

வீட்டில் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை, பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்கூடப் பேசாது என்று யாராவது சொன்னால் பெற்றவர்களுக்கு முதலில் நம்பிக்கை வராது. எங்களுக்கும் வரவில்லை. காட்பாடி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு வருடமும் எங்கள் பெண் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்று அவள் மூன்றாம் வகுப்பு. எழுந்து நின்று பாடம் வாசிக்கிறாள், பக்கத்துப் பிள்ளையோடு பென்சிலுக்குச் சண்டை போடுகிறாள், டீச்சரிடம் கோள் சொல்கிறாள். நடுவில் நடந்தது எல்லாம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி டீச்சரின் உழைப்பு. அவர் என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார், எங்கெங்கே சறுக்கியது என்று விவரமாக எழுதிவைப்பதுதான் அவருக்குச் சொல்லும் சரியான நன்றி என்று எனக்குப் படுகிறது. இதே நிலையில் இப்போது தவிக்கும் பெற்றோருக்கு அது உதவும். எங்களுக்கு அப்படிச் சொல்லித்தர அப்போது யாரும் இல்லை.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. கூச்சப்படுகிற பிள்ளை முதல் சில வாரம் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு மெல்லப் பழகிவிடும். இந்தப் பிள்ளை பழகாது. ஓர் இடத்தில் நன்றாகப் பேசும், இன்னோர் இடத்தில் அறவே பேசாது, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். முகம் இறுகிப்போகும், பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும், கை கால் விறைத்தாற்போல் இருக்கும். ஒண்ணுக்குப் போகணும் என்று கேட்க முடியாமல் பாவாடை நனையும். மற்றவர்கள் முன்னால் வாயைத் திறக்கவே பயம் என்பதால் டிபன் பாக்ஸ் காலை கட்டியது கட்டியபடி வீட்டுக்கு வரும். மருத்துவத்தில் இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்திருக்கிறார்கள். பிடிவாதம், திமிர், வளர்ப்பு சரியில்லை என்று ஊர் சொல்வது எதுவும் இதில் இல்லை. பிள்ளைக்குப் பேச ஆசை இருக்கிறது, பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு குரல் வருவதில்லை. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும், ஆனால் பள்ளியில் சேர்த்த பிறகுதான் கண்ணில் படும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காமல், அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. நம் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருது, குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் இன்னொரு மொழியுமாக வருகிற பிள்ளை சில மாதம் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. ஆனால் தன் வீட்டு மொழியே பேசும் பக்கத்துப் பிள்ளையோடும் பள்ளியில் பேசவில்லை என்றால் அதை மொழிப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது.

அந்த இரண்டு வருடத்தில் ஃபீஸ், வேன், புத்தகம் என்று போனதைத் தவிர, ‘பேச்சு வரவைக்கிறோம்’ என்ற இடத்தில் ஒரு வகுப்புக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் மாதக்கணக்கில் கட்டினோம். கோடை விடுமுறையில் மேடைப் பேச்சுப் பயிற்சி என்று மூவாயிரம். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பேச்சு வகுப்பில் ‘ல’, ‘ள’, ‘ழ’ சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் இவள் மூன்றையும் சுத்தமாகச் சொல்வாள். உச்சரிப்பில் குறையே இல்லாத பிள்ளைக்கு உச்சரிப்புப் பயிற்சி எதற்கு? பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் நாக்கில் வசம்பு தடவச் சொன்னார்கள், நாக்கடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டிவிடச் சொன்னார்கள். வீட்டில் தெளிவாகப் பேசும் பிள்ளைக்கு இவை எதுவும் தேவையில்லை. பணத்தைவிட வலித்தது பள்ளியில் நடந்தது. பேசினால்தான் உட்காரலாம் என்று நிற்கவைத்திருக்கிறார்கள், வாயால் கேட்டால்தான் பாத்ரூம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையை மட்டுமின்றி மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் என்றாலும், இது தெரிந்திருந்தால் அந்த நிர்வாகத்திடம் வேறு மாதிரி பேசியிருக்கலாம். அந்த வருடங்களில் இரவில் அவள் தூங்கிய பிறகு அழாத நாள் குறைவு. இப்போது அதே அழுகையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், சரியான உதவி கிடைத்தால் பெரும்பாலும் இது சரியாகும். ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று விட்டால் வருடங்கள் போகும், வருடம் போகப்போக ‘பேசாத பிள்ளை’ என்ற பேரே பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும், அதை உரிப்பது இன்னும் கஷ்டம்.

மருத்துவப் பக்கத்தில் செய்யவேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். முதலில் காது. காது மந்தமாக இருந்தால் நான்கு பேர் இருக்கும் வீட்டில் சமாளித்துவிடும் பிள்ளை, நாற்பது பேர் சத்தம் போடும் அறையில் தடுமாறும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு எங்கேயோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, செவித்திறன் பரிசோதனை செய்து, அழுக்கு அடைப்பு, சீழ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்தது, பிள்ளைகளின் வளர்ச்சியையோ மனநலத்தையோ பார்க்கும் மருத்துவர். வேலூரில் சி.எம்.சி.க்கு பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது, அங்கே பிள்ளைகளுக்கென்று நம்பிக்கை நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் கையில் கொண்டுபோக வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் பிள்ளை சாதாரணமாகப் பேசி விளையாடும் வீடியோ, ஐந்து நிமிடம் போதும், அதற்குத் தெரியாமல் எடுத்தது. டாக்டர் முன்னால் பிள்ளை பேசாது, வீடியோ இல்லாவிட்டால் பேச்சு வளர்ச்சியே இல்லை என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. வீட்டிலும் பேச்சு குறைவு, சொன்னது புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோயின என்றால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும். நேரில் போகத் தயங்குபவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எங்களுக்கு டாக்டர் சொன்னது சுருக்கமாக இதுதான்: மருந்து வேண்டாம், பேச்சைப் பள்ளிக்கூடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும், அதற்கு ஒத்துழைக்கிற ஆசிரியர் வேண்டும்.

ஒன்றாம் வகுப்புக்கு ஊரிலேயே அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். சேர்க்கை அன்று அந்த டீச்சர் பிள்ளையிடம் பேர்கூடக் கேட்கவில்லை. எங்களைத் தனியாக நிறுத்தி, “பாப்பா வீட்ல யார்கிட்டல்லாம் பேசும்? வாசல்ல நின்னா பேசுமா, தெருவுல பேசுமா, கடையில? பேச்சு எந்த இடத்துல நிக்குது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பேசவைக்கிறேன் என்று ஒரு வார்த்தை வாக்குக் கொடுக்கவில்லை. “ஒரு மாசம் நான் எதுவும் கேக்க மாட்டேன்மா. நீங்களும் வீட்டுக்கு வந்ததும் இன்னைக்குப் பேசினியான்னு கேக்காதீங்க” என்றார். அந்தக் கேள்வியை நிறுத்துவது சொல்வதற்குச் சுலபம். தினமும் நாக்கு நுனிவரை வரும். ஆனால் அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் மறுநாள் காலைக்கு ஒரு பாரம் என்று அவர் சொன்னது சரிதான். கேட்பதை நிறுத்திய சில வாரத்தில் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது குறைந்தது.

அந்த முதல் மாதம் அவர் சும்மா காத்திருக்கவில்லை. பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவர் பிள்ளையை இரண்டாவது வரிசையில் ஓரமாக, கதவுக்குப் பக்கத்தில், சத்தம் போடாத ஒரு பெண்ணின் அருகில் உட்காரவைத்தார். முதல் வரிசை என்றால் டீச்சர் கண்ணுக்கு நேரே, கடைசி வரிசை என்றால் மறந்துபோவார்கள். பாத்ரூமுக்கு ஒரு சிவப்பு அட்டை செய்து கதவோரம் ஆணியில் மாட்டினார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க வேண்டாம் என்று மொத்த வகுப்புக்கும் விதி. இவளுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அதுவே அடையாளமாகியிருக்கும். வருகைப் பதிவுக்கும் அதே வழிதான். ஒரு வாரம் ‘உள்ளேன் டீச்சர்’, அடுத்த வாரம் எல்லோரும் கைதட்ட வேண்டும், அதற்கடுத்த வாரம் பேர் எழுதிய அட்டையைப் பலகையில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, இவளுக்கு மூச்சுவிட இடம். மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் கேள்வி கேட்காமல், பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போவார். “ஓ, மயிலுக்கு நீலம் அடிச்சிருக்கே. இந்தப் பக்கம் இறகு பெரிசா வந்திருக்கு.” பதில் வேண்டாத பேச்சு. டீச்சர் பக்கத்தில் வந்தாலும் ஆபத்து இல்லை என்பது பிள்ளையின் உடம்புக்கே தெரியவேண்டும் என்பார். தோள் இறங்கியதா, பென்சில் பிடி தளர்ந்ததா என்றுதான் கவனிப்பார், உதட்டைப் பார்க்க மாட்டார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் வராண்டாவில் உட்கார்ந்து உப்புமாவோ கிச்சடியோ சாப்பிடும் அந்த இருபது நிமிடம் வகுப்பறை காலியாக இருக்கும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, அம்மாவும் பிள்ளையும் மட்டும் அந்த அறையில் இருந்து விளையாட ஏற்பாடு செய்தார். விளையாட்டையும் அவரே தேர்ந்தெடுத்தார்: பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. போடும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, ‘பசு’ என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் எடுக்கக் கூடாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கண் குழியில் இருக்கும், முகத்தை யாரும் பார்க்கவில்லை, சொல்லவேண்டிய சொல் முன்கூட்டியே தெரியும், சொல்லாவிட்டால் கொட்டை கைவிட்டுப் போகும். பதற்றமுள்ள பிள்ளைக்குக் கதை சொல்வதைவிட, கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, எண்ணுவது பெரும்பாலும் சுலபம்.

படிகள் இப்படிப் போயின. முதலில் கதவு சாத்தி, அம்மாவும் பிள்ளையும் மட்டும். அந்த அறைக்குள் குரல் வீட்டில் போல வரும்வரை அடுத்த படி கிடையாது. பிறகு கதவு ஒரு சாண் திறந்திருக்கும், டீச்சர் வராண்டாவில் தூரமாக நடப்பார். பிறகு கதவு முழுதாகத் திறப்பு. பிறகு டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டு திருத்துவார். பிறகு அறைக்குள், தூர மூலையில். பிறகு பக்கத்து பெஞ்சு. பிறகு நோட்டை மூடிவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். பிறகு அம்மாவின் முறை வரும்போது அம்மாவோடு சேர்ந்து எண்ணுவார். பிறகு அவரும் ஓர் ஆட்டக்காரர். அதன் பின் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவார், வந்த வரிசையை அப்படியே திருப்பிப்போட்டு. ஒவ்வொரு படியிலும் பிள்ளையின் குரல் சிறுத்தால் அன்றைக்கு ஒரு படி பின்னால் போய், குரல் மீண்டு வந்த பிறகு ஆட்டத்தை முடிக்க வேண்டும். குரல் நின்ற இடத்தில் ஒருநாளும் முடிக்கக் கூடாது, மறுநாள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். ஒரு வாரத்தில் ஒருமுறை ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் செய்வதுதான் பலிக்கும்.

டீச்சர் காதில் விழ அவள் சொன்ன முதல் சொல் ‘பசு’. டீச்சர் தலை நிமிரவில்லை. திருத்திக்கொண்டிருந்த நோட்டில் சிவப்பு மை ஒரு கணம் நின்றது, பிறகு டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். “ஐயோ, எங்க செல்லம் பேசிடுச்சே!” என்று ஓடிவந்து தூக்கியிருந்தால் அடுத்த பல வாரத்துக்கு அந்த வாய் மூடியிருக்கும். பேசியதற்குப் பெரிய ஆரவாரம் செய்தால், பேசாததுதான் தன் வழக்கம் என்பது பிள்ளைக்கே உறுதியாகிவிடும். பேசியதில் என்ன இருந்ததோ அதற்குப் பதில் சொன்னால் போதும். “ஆமா, பசுதான். எடுத்துக்கோ.” பாராட்ட வேண்டுமானால் பிறகு, தனியாக, மெல்ல, எல்லோருக்கும் சொல்வதுபோல.

கெட்டுப்போன இடங்களையும் சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு “டீச்சர், இவ பேசுறா!” என்று கத்தினார்கள். இரண்டு வாரம் போயிற்று. டீச்சர் அவர்களைத் திட்டவில்லை. “அவ எப்பவும் பேசுவாடா, உங்களுக்குத்தான் கேக்கல” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரே பதிலை வகுப்பில் யார் எப்போது ‘இவ ஊமை’ என்றாலும் சொல்வார். இரண்டாவது, விடுமுறைகள். காலாண்டு, தீபாவளி, அரையாண்டு, பொங்கல் என்று ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் ஓரிரு படி கீழே இறங்கித்தான் தொடங்க வேண்டியிருந்தது. தெரியாதவர்களுக்கு அது தோல்வியாகத் தெரியும், எல்லாம் வீண் என்று மனம் விட்டுப்போகும். ஏறிய படி மறந்துபோவதில்லை, இரண்டாவது முறை ஏறுவது வேகமாக இருக்கும். மூன்றாவது, கிசுகிசுப்பு. தோழியின் காதில் மட்டும் சொல்லி, தோழி டீச்சரிடம் சொல்வது என்று ஒரு வழக்கம் வந்தது. தொடக்கத்தில் டீச்சர் விட்டார். ஆனால் அது நிலைத்துவிட்டால் உடைப்பது கஷ்டம் என்று, தோழியைத் தள்ளி உட்காரவைக்காமல், “எனக்கு இந்தக் காது சரியாக் கேக்காது, நீங்க ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க” என்று இருவரையும் ஒன்றாகச் சொல்லவைத்தார். சேர்ந்து சொல்லும்போது குரல் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துகொள்ளும். வாய்ப்பாடு, பாட்டு எல்லாம் அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது.

கேள்வி கேட்கும் விதத்தை அவரிடமிருந்துதான் கற்றோம். ‘தண்ணி வேணுமா?’ என்றால் தலையாட்டிவிடும், அதோடு பேச்சு முடிந்தது. ‘என்ன வேணும்?’ என்றால் எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறந்ததுபோல் பிள்ளை திகைத்துப்போகும். ‘தண்ணியா, பாலா?’ என்றால் சொல்லவேண்டிய சொல் கேள்வியிலேயே இருக்கிறது. கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை மெதுவாக எண்ண வேண்டும். ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்பது எண்ணிப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் இரண்டாவது விநாடியிலேயே நாம் பிள்ளைக்குப் பதிலாகப் பேசிவிடுகிறோம். பதில் வராவிட்டால் இன்னொரு முறை அதே கேள்வி, அதே குரலில். அப்போதும் வராவிட்டால் “சரி, அப்புறம் சொல்லு” என்று இயல்பாக நகர்ந்துவிட வேண்டும். ‘ஏன் பேச மாட்டேன்ற?’ என்ற கேள்வி எந்தக் காலத்திலும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கே அதற்குப் பதில் தெரியாது.

படிப்பில் பின்தங்கிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு நிறைய இருந்தது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாய்விட்டு வாசிக்காத பிள்ளை நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அரும்பிலேயே நின்றுபோகலாம். டீச்சர் அதற்கு வழி கண்டார். ‘மரம் எங்க இருக்கு, காட்டு’ என்று சொல் அட்டைகளைத் தொடவைத்து மதிப்பிட்டார். வீட்டில் அவள் பாடம் வாசிப்பதை அம்மா ஃபோனில் பதிவுசெய்து அனுப்பலாம், ஆனால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். முதலில் டீச்சர் தனியாகக் கேட்டார். பிறகு பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது கேட்டார். தன் குரல் அந்த அறைக்குள் ஒலித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்குப் பெரிய விஷயம். வகுப்புக்குப் போட்டுக்காட்டலாமா என்று கேட்டார், அவள் தலையசைத்து வேண்டாம் என்றாள், அதோடு விட்டார். அந்த ‘வேண்டாம்’ மதிக்கப்பட்டதுதான் அவளுக்கு டீச்சர்மேல் வந்த நம்பிக்கைக்கு அடித்தளம் என்பேன்.

ஆட்டத்தில் டீச்சரோடு பேச்சு நிலைத்ததும் அந்தப் பக்கத்துப் பெண்ணைச் சேர்த்தார், பிறகு இன்னொருத்தி, பிறகு மூன்று நான்கு பேர் கொண்ட குழு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற வேண்டும்: புது ஆள் வந்தால் இடமும் விளையாட்டும் பழையது, புது இடம் என்றால் ஆள் பழையது. காலி வகுப்பறையில் வந்த குரல் நிறைந்த வகுப்பறைக்கு வர ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஆகி, இரண்டாம் வகுப்பின் பாதியும் போயிற்று. ஆண்டு விழாவில் மேடையேற்றவில்லை. திரை இழுக்கும் கயிறு அவள் கையில் இருந்தது, தன் வேலை இல்லாமல் விழா நடக்காது என்று அவளுக்குத் தெரியும். மைக் முன்னால் இன்னும் அவள் பேசுவதில்லை, அதற்கு அவசரமும் இல்லை.

வீட்டுப் பக்கம் நம் வேலை இருக்கிறது. கல்யாண வீட்டில் ‘மாமாவுக்குப் பேரு சொல்லு’ என்று முன்னால் தள்ளுவதை நிறுத்துங்கள். சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே, பிள்ளை இல்லாத இடத்தில், ‘வந்ததும் எதுவும் கேக்காதீங்க, அரை மணி நேரம் விட்டுடுங்க, அதுவா வரும்’ என்று சொல்லிவையுங்கள். ‘இவ பேச மாட்டா’ என்று பிள்ளை காதுபட யாரும் சொல்லக் கூடாது, ‘பழகினதும் பேசுவா’ என்பதே போதும். பாட்டிமார் அன்பினால் பிள்ளைக்குப் பதிலாகப் பதில் சொல்வார்கள், அதையும் பொறுமையாக எடுத்துச்சொல்ல வேண்டும். பேசினால் சாக்லேட், பேசினால் ஃபோன் என்பது வேண்டாம், கிடைக்காத நாளில் அது இன்னொரு தண்டனையாகிவிடும். தெருக்கடையில் பழக்கலாம். முதலில் காசை மட்டும் பிள்ளை கொடுக்கட்டும், பிறகு பொருளைக் கையால் காட்டட்டும், பிறகு ‘ரெண்டு’ என்று எண்ணிக்கை மட்டும் சொல்லட்டும், பிறகு பொருளின் பேர். கடைக்காரர் பழகியவராகவும் கூட்டம் இல்லாத நேரமாகவும் இருக்க வேண்டும். சாயங்காலம் வேலூர் லாங் பஜாரில் போய் இதைச் செய்ய முடியாது, மதியம் மூன்று மணிக்கு ஊர்க்கடையில் செய்யலாம்.

இத்தனைக்கும் அந்த டீச்சருக்குக் கூடுதல் சம்பளமும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. நன்றி சொல்லப் புடவையும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிப்போனோம், ஸ்வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உதவியாக இருந்தது கடிதம்தான். தலைமை ஆசிரியருக்கு முகவரியிட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் வைத்து, பொத்தாம்பொதுவாக ‘நல்ல டீச்சர்’ என்று எழுதாமல், சிவப்பு அட்டையிலிருந்து குரல் பதிவுவரை அவர் செய்தது ஒவ்வொன்றையும் எழுதினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னோம். இரண்டு பக்கம். இதற்கு முன் அவர் இப்படி எத்தனை பிள்ளைகளுக்குச் செய்தாரோ, ஒரு தாளில்கூட அது பதிவாகவில்லை. ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் நம் வேலூர் ஊரீசுக் கல்லூரியில் படித்தவர். செப்டம்பர் 5 வந்தால் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்றைக்கு ஒரு பெற்றோர் ஒரு டீச்சருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதலாம்.

கடைசியாக, மறக்கக் கூடாத ஒன்று. கோடையில் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு நடக்கும், டீச்சர் வேறு ஊருக்குப் போய்விடலாம், போகாவிட்டாலும் அடுத்த வகுப்புக்கு வேறு டீச்சர் வருவார். அது ஏப்ரலிலேயே மனதில் இருக்க வேண்டும். எங்கள் டீச்சர் இரண்டாம் வகுப்பு முடியும் முன்பே மூன்றாம் வகுப்பு டீச்சரைத் தன் வகுப்புக்கு வரவழைத்து, பல்லாங்குழி ஆட்டத்தில் மூன்றாவது ஆளாக உட்காரவைத்தார். ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக்கொடுத்தார்: யாரோடு பேசுகிறாள், எவ்வளவு சத்தத்தில், எந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் வரும், எது செய்தால் வாய் மூடும், பாத்ரூமுக்கு என்ன ஏற்பாடு. உங்கள் டீச்சர் அப்படிச் செய்யாவிட்டால் அந்தக் குறிப்பை நீங்களே எழுதுங்கள், டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, ஆசிரியர்கள் மட்டும் வந்திருக்கும் நேரத்தில், அனுமதி கேட்டு பிள்ளையைப் புது வகுப்பறைக்குக் கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுக் குழிக்கு ஐந்து கொட்டை போட்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.